இருபதாம் தேதியே பை காலி: மாணவர்களின் பணக் கேள்விகள்

பல்கலைக்கழகத்தில் படிக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பணம் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இஸ்லாத்தில் வட்டி கூடாது என்பது எழுதிய அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. கையெழுத்துப் போடும் தாளில் எந்த வரியில் அது உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் தடுமாறுகிறார்கள். மத்ஹபுகளுக்கிடையே (ஹனஃபி, ஷாஃபிஈ முதலான நான்கு சட்டப் பிரிவுகள்) கருத்து வேறுபாடு உள்ள இடங்களில் இரண்டு பக்கத்தையும் சொல்லியிருக்கிறோம். உங்கள் சொந்த விஷயத்துக்குத் தீர்ப்பு வேண்டுமென்றால், ஒப்பந்தத்தை அச்செடுத்துக்கொண்டு ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) போங்கள். வாயால் சொல்லிக் கேட்டால் முக்கியமான வரிதான் விட்டுப்போகும்.

*

கேள்வி: மாதம் ஒன்றாம் தேதி வீட்டிலிருந்து பணம் வந்துவிடும். இருபதாம் தேதிக்குள் தீர்ந்துபோகிறது. ஆடம்பரமாக எதுவும் வாங்குவதில்லை. வீண்விரயம் செய்பவர்கள் ஷைத்தானின் சகோதரர்கள் என்ற வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது. நானும் அதில் சேர்த்தியா?
- இரண்டாமாண்டு மாணவி

பதில்: அந்தக் குர்ஆன் வசனத்தில் (17:27) வரும் சொல் ‘தப்தீர்’. செலவழிக்கவே கூடாத இடத்தில் பணத்தை இறைப்பது அது. ஆகுமான, அதாவது மார்க்கம் அனுமதித்த பொருளிலேயே அளவு மீறிப்போவதை ‘இஸ்ராஃப்’ என்று அறிஞர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். இரண்டு வசனம் தள்ளி, கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முழுக்க விரித்துவிடவும் வேண்டாம் என்று வருகிறது (17:29). உங்கள் கடிதத்தைப் படித்தால் தப்தீர் எதுவும் தெரியவில்லை. வகுத்தல் கணக்கு தப்பியிருக்கிறது என்றே தோன்றுகிறது.

மாதம் 10,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். தங்குமிடம், போக்குவரத்து, போன் இவற்றுக்கு 5,500. பரீட்சைக் கட்டணம், புத்தகம், விடுமுறைக்கு ஊர் போய்வரும் செலவு என ஆறு மாதத்தில் 4,800 ஆகும் என்றால், மாதத்துக்கு 800 எடுத்து வைக்க வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த 800-ஐத்தான். பரீட்சை மாதத்தில் அது மொத்தமாக வந்து விழும்போது ‘எதிர்பாராத செலவு’ என்கிறோம். ஆறு மாதம் முன்பே தேதி தெரிந்த செலவு அது. சேமிப்புக்கு 500, ஸதகாவுக்கு (தர்மத்துக்கு) 200. இரண்டையும் முதல் நாளே பிரித்துவிடுங்கள். மீதி 3,000.

இந்த 3,000-ஐ நான்கால் வகுத்து வாரத்துக்கு 750 என்று எடுப்பதுதான் அடுத்த தவறு. மாதத்தில் 28 நாள் கிடையாது. முப்பதால் வகுத்தால் நாளுக்கு 100, வாரத்துக்கு 700. நான்கு வாரம் போனபின் மிஞ்சும் 200, கடைசி இரண்டு நாளுக்கு. 750 எடுத்தவருக்கு 29-ஆம் தேதி கையில் ஒன்றும் இருக்காது, அந்த இரண்டு நாளுக்கு அறைத்தோழியிடம் கை நீட்ட வேண்டும். அந்தக் கடனை அடுத்த மாதப் பணத்திலிருந்து அடைப்பதால் அந்த மாதம் 27-ஆம் தேதியே தீர்கிறது. இப்படியே பின்னால் தள்ளித் தள்ளித்தான் இருபதுக்கு வந்து நிற்கிறது. அந்த 700-ஐ வேறொரு கணக்கிலோ உறையிலோ வைத்து, வாரத்தில் ஒரே நாளில் மட்டும் எடுங்கள்.

ஒரு மாதம் மட்டும் எல்லாச் செலவையும் எழுதுங்கள். தேதி, தொகை, எதற்கு என்பதோடு நான்காவதாக ‘எத்தனை மணிக்கு’ என்றும் ஒரு கட்டம் போடுங்கள். எதற்கு என்ற கட்டத்தைப் பார்த்தால் எல்லாமே நியாயமான செலவாகத் தெரியும். மணியைப் பார்த்தால்தான் இரவு பதினொன்றுக்குமேல் களைப்பில் ஆப் வழியாக வரவழைத்தவை வரிசையாகக் கண்ணில் படும். பணம் கொடுத்த அந்த நிமிடமே எழுதிவிட வேண்டும். படுக்கப் போகும்போது எழுதினால் சிறு தொகைகள் நினைவுக்கு வராது, கசிவு இருப்பதே அந்தச் சிறு தொகைகளில்தான்.

அதோடு வங்கி ஸ்டேட்மென்ட்டில் மூன்று மாதத்தை அருகருகே வைத்து, ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் ஒரே தொகை கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இலவசமாகப் பார்க்கலாம் என்று சேர்ந்து மறந்துபோன சந்தாக்கள் அவை. அப்படிப்பட்டவற்றில் சேர்ந்த அன்றைக்கே ரத்து செய்தாலும், இலவசக் காலம் முடியும்வரை பெரும்பாலும் பார்க்க விடுவார்கள்.

*

கேள்வி: லேப்டாப் வாங்க வேண்டும். ‘வட்டியில்லை, நான்கு தவணை’ என்று ஆப்பில் வருகிறது. வட்டியில்லை என்று அவர்களே சொல்லும்போது எடுக்கலாம்தானே?
- பொறியியல் மாணவர்

பதில்: தவணை வியாபாரத்தில் தவறில்லை. ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருப்பதும் ஆகும் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. ஆனால் பேரம் முடியும்போது ஒரே விலை நிலைத்துவிட வேண்டும். ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி 1990-இல் எடுத்த தீர்மானம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாங்கியவர் தாமதித்தால் அதற்காகத் தொகையைக் கூட்டக் கூடாது, முன்பே நிபந்தனை போட்டிருந்தாலும் கூடாது, அது வட்டி. ஒரு தவணை தவறினால் மீதித் தவணைகளை உடனே கட்டச் சொல்லும் நிபந்தனை மட்டும் விற்பவருக்கு ஆகும்.

ஆகவே ‘வட்டியில்லை’ என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு விதிமுறைப் பக்கத்துக்குப் போய் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

முதலில், தாமதக் கட்டணம். அது இருந்து, நிறுவனத்தின் வருமானமாகப் போகிறதென்றால், ‘நான் தாமதிக்கவே மாட்டேன்’ என்ற உங்கள் உறுதி அந்த நிபந்தனையை மாற்றாது. நீங்கள் அதற்குக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். சில இஸ்லாமிய நிறுவனங்களில் தாமதிப்பவர் ஒரு தொகையை அறக்காரியத்துக்குத் தருவதாக ஒப்புக்கொள்வார். நிறுவனம் அதைத் தன் லாபத்தில் சேர்க்காது. பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்டு 1991 முதல் இயங்கும் ஆயோஃபி (AAOIFI) என்ற இஸ்லாமிய நிதித் தரநிலை அமைப்பு இந்த முறையை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, ‘செயலாக்கக் கட்டணம்’. ஆப் உங்களுக்குப் பொருளை விற்கிறதா, பணத்தைக் கடனாகத் தருகிறதா என்று பாருங்கள். கடன் தருகிறது என்றால், உண்மையில் ஆகும் செலவுக்கு மேல் எதையும் வசூலிக்கக் கூடாது. கடன் தொகை ஏற ஏறக் கட்டணமும் ஏறினால், ஆயிரத்தைக் கணக்கில் ஏற்றவும் பத்தாயிரத்தை ஏற்றவும் வேலை ஒன்றுதானே என்று கேட்டுப் பாருங்கள். 1,000 கடனுக்கு 30 கட்டணம், 15 நாளில் திருப்ப வேண்டும் என்றால் அது 15 நாளுக்கு 3 சதவீதம். ஆண்டுக்கு 72 சதவீதம். முப்பது என்று எழுதியிருப்பதால் கண்ணுக்கு உறைப்பதில்லை.

மூன்றாவது, தானாகப் பணம் எடுக்கும் அனுமதி. கணக்கில் இருப்பு இல்லாத நாளில் அவர்கள் எடுக்க முயன்றால் வங்கி தனியாக அபராதம் போடலாம். ஆப்பில் வட்டி இல்லை, வங்கியில் தண்டம் என்று ஆகிவிடும். நான்காவது, பொருளைத் திருப்பிக் கொடுத்தால் மீதித் தவணை உடனே நிற்குமா, கடை உறுதி செய்யும்வரை ஓடுமா என்பது.

இந்த நான்கிலும் தேறினாலும் ஓர் ஆபத்து உண்டு. தவணை ஒவ்வொன்றும் சிறிதாக இருப்பதால் ஒரே சமயத்தில் மூன்று, நான்கு ஓட ஆரம்பித்துவிடும். மேலே சொன்ன கணக்கில் மீதியாக நின்ற 3,000-இலிருந்துதான் தவணைகள் போக வேண்டும். ஒன்று முடியாமல் இன்னொன்று எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: கிரெடிட் கார்டில் செலவழித்து, கெடு முடிவதற்குள் முழுவதும் கட்டிவிடுகிறேன். ஒருமுறைகூட வட்டி கட்டியதில்லை. இதில் என்ன குற்றம்?
- முதுகலை மாணவர்

பதில்: நீங்கள் வட்டி கட்டவில்லை, உண்மைதான். ஆனால் தாமதித்தால் வட்டி தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அதே ஃபிக்ஹ் அகாடமி 2000-ஆம் ஆண்டில், வட்டி நிபந்தனை உள்ள கிரெடிட் கார்டை, கெடுவுக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது என்றே தீர்மானித்தது. கார்டில் ரொக்கம் எடுக்கும்போது சதவீதக் கணக்கில் பிடிக்கும் கட்டணத்தை வட்டி என்றது. கணக்கில் பணம் இல்லாத நிலையில் அந்தக் கார்டால் தங்கம், வெள்ளி வாங்குவதையும் தடுத்தது. வேறு வழியே இல்லாத இடத்தில் தேவைக்காக அனுமதித்த அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் டெபிட் கார்டால் நடக்கிற காரியத்துக்கு அந்தத் தேவையைக் காட்ட முடியாது. புள்ளிகள் சேர்கின்றன என்பது தேவையில் வராது.

*

கேள்வி: ஹாஸ்டலில் எட்டுப் பேர் சேர்ந்து சீட்டுப் போடுகிறோம். வங்கியில் போடுவதைவிட இது நல்லது என்கிறார்கள். ஆகுமா?
- இளங்கலை மாணவர்

பதில்: எல்லாரும் ஒரே தொகை போட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக முழுத்தொகையை எடுத்துக்கொள்ளும் சீட்டு ஆகும். இது இன்றைக்கு வந்த கேள்வியுமில்லை. பெண்கள் வாரந்தோறும் மாதந்தோறும் இப்படிப் போட்டு வந்ததைக் குறிப்பிட்டு, வலிய்யுத்தீன் அல்-இராக்கீ அதை ஆகுமென்று சொன்னதாக ஷாஃபிஈ அறிஞர் கல்யூபி எழுதியிருக்கிறார். கடனுக்குக் கடன் நிபந்தனையாகிறதே என்று மறுத்தவர்களும் உண்டு. பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

ஏலச்சீட்டு வேறு. எட்டுப் பேர் 500 போட்டு 4,000 சேர்கிறது. அவசரக்காரர் ஒருவர் 3,600-க்குத் தள்ளி எடுக்கிறார், மீதி 400-ஐ மற்றவர்கள் பங்கு போடுகிறார்கள் என்று வையுங்கள். அவர் கையில் வாங்கியது 3,600, மொத்தமாகக் கட்டப்போவது 4,000. அந்த 400-க்கு எந்தப் பெயர் வைத்தாலும் வட்டிதான். நடத்துபவர் சீட்டுத் தொகையில் சதவீதம் எடுப்பதையும் தவிருங்கள்.

மாணவர் சீட்டு உடைவது பெரும்பாலும் ஒரே இடத்தில். எட்டு மாதச் சீட்டு போடுவார்கள், ஐந்தாம் மாதத்தில் செமஸ்டர் முடியும், முதலில் எடுத்தவர் ஊருக்குப் போய்விடுவார். முதல் மாதம் 4,000 எடுத்தவர் அன்றைக்குக் கட்டியிருப்பது 500 மட்டும். மீதி 3,500-க்கு அவர் கடனாளி. கடைசி ஆள், தன் முறை வரும்போது, அவ்வளவுக்கும் கடன் கொடுத்தவர். ஆகவே மாதச் சீட்டை விட்டு வாரச் சீட்டாக்குங்கள். எட்டு வாரத்தில் முடியும், பரீட்சைக்கு முன்பே கணக்குத் தீரும். குலுக்கிப் போட்டு வரிசையை முதல் நாளே எழுதி எட்டுப் பேரும் கையெழுத்திட வேண்டும். யாருக்காவது அவசரமானால், இன்னொருவர் மனமொப்பித் தன் முறையை விட்டுக்கொடுக்கலாம், அதற்கு விலை வைக்கக் கூடாது. விலகுகிறவர் எடுத்துவிட்டவரானால் மீதியைக் கட்டிவிட்டே விலக வேண்டும். எடுக்காதவரானால், போட்டது எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

சிறு தொகைகளுக்கு இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று நினைக்க வேண்டாம். 1963-இல் எகிப்தின் மீத் கம்ர் என்ற ஊரில் அஹ்மத் அந்நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கி, வட்டியைத் தொடாமல், எளிய மக்களின் சிறுசேமிப்பில் நின்றது. சேமித்தவர்களுக்குச் சிறிய அளவில் வட்டியில்லாக் கடனும் கிடைத்தது. இன்றைய இஸ்லாமிய வங்கிகளின் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

*

கேள்வி: நான் மாணவி, வருமானம் இல்லை. ஆனால் உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம் இருக்கிறது, கொஞ்சம் நகையும் இருக்கிறது. தோழிக்குத் தர வேண்டிய கடனும் உண்டு. எனக்கு ஜகாத் கடமையா?
- ஆய்வு மாணவி

பதில்: வருமானம் இருக்கிறதா என்று ஜகாத் (செல்வத்தின் மீதான கட்டாயக் கொடை) கேட்பதில்லை. நிஸாப் (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு) அளவு செல்வம் ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்ததா என்பதே கேள்வி. நிஸாப், தங்கத்தில் 85 கிராம், வெள்ளியில் 595 கிராம். பழைய தோலா எடைக் கணக்கை வைத்திருக்கும் ஹனஃபி ஆலிம்கள் 87.48 கிராம், 612.36 கிராம் என்பார்கள். ரொக்கத்துக்கு எதை அளவாக வைப்பது என்பதில் இரு கருத்து உண்டு. வெள்ளியை வைத்தால் ஏழைகளுக்கு அதிகம் போய்ச் சேரும் என்பதால் பலர் அதையே சொல்கிறார்கள். கீழே வெள்ளிக் கணக்கையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு ஹிஜ்ரி தேதியைக் குறியுங்கள். உங்கள் செல்வம் முதன்முதலில் நிஸாபை எட்டிய நாள் அது. நினைவில்லை என்றால் கணக்கு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து நெருக்கமாக ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதை மாற்ற வேண்டாம். ரமலானில் கொடுப்பது வழக்கமாகிவிட்டதால் எல்லாருக்கும் ஆண்டு ரமலானில் முடிகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முன்கூட்டிக் கொடுக்கலாம், ஆனால் ஆண்டு முடிந்த பிறகு ரமலானுக்காகப் பல மாதம் காத்திருக்கக் கூடாது.

அந்தத் தேதியில் ரொக்கம், வங்கி இருப்பு, திரும்பி வரும் என்று உறுதியுள்ள கடன் எல்லாவற்றையும் கூட்டி, அன்றைய வெள்ளியின் கிராம் விலையால் வகுங்கள். 900 வருகிறது, தோழிக்குத் தர வேண்டியது 100 கிராம் மதிப்பு என்று வைப்போம். ஹனஃபி முறையில் கடனைக் கழித்து 800 கிராம், அதில் இரண்டரை சதவீதம் 20 கிராம் வெள்ளியின் மதிப்பு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி கடனைக் கழிப்பதில்லை, 900-க்கு 22.5 கிராம் மதிப்பு. படிப்புக் கடன் போல நீண்ட காலக் கடனாக இருந்தால், முழுவதையும் கழிக்காமல் வரும் ஓராண்டுத் தவணையை மட்டும் கழிக்கும்படி இக்கால அறிஞர் பலர் சொல்கிறார்கள். இல்லையென்றால் பெரிய கடன் வாங்கிய யாருக்குமே ஜகாத் வராது.

நடுவில் பணம் குறைந்தால்? ஹனஃபியில் ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் நிஸாப் இருந்தால் போதும், நடுவில் முழுக்கத் தீர்ந்துபோகாத வரை. ஷாஃபிஈயில் ஆண்டு முழுவதும் நிஸாபுக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும், இறங்கினால் திரும்ப எட்டும் நாளிலிருந்து புது ஆண்டு. மாணவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம், ஏனென்றால் கட்டணம் கட்டும் மாதத்தில் இருப்பு சரிந்து மறுபடி ஏறும்.

அணியும் நகைக்கு ஹனஃபியில் ஜகாத் உண்டு. மற்ற மூன்று மத்ஹபுகளில், ஆகுமான அளவில் அணிவதற்காக வைத்திருக்கும் நகைக்கு இல்லை. கொடுப்பதானால், இன்று விற்கப்போனால் என்ன கிடைக்குமோ அதுதான் மதிப்பு. செய்கூலியும் கல்லும் சேராது. லேப்டாப், போன், புத்தகங்களுக்கு ஜகாத் கிடையாது. சந்திர ஆண்டு 354 நாள் சுமார். ஆங்கிலத் தேதியை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பேன் என்றால், கூடுதல் 11 நாளுக்கும் சேர்த்து 2.577 சதவீதம் கொடுங்கள்.

*

கேள்வி: சேமிப்புக் கணக்கில் வட்டி ஏறியிருக்கிறது. அதை ஜகாத்தில் கழித்துக்கொள்ளலாமா?
- வாசகர்

பதில்: கூடாது. ஜகாத் உங்கள் சொந்தப் பணத்திலிருந்து போக வேண்டும். இது உங்கள் பணமே இல்லை. ஸ்டேட்மென்ட்டில் வட்டி என்று வரவான வரிகளை மட்டும் கூட்டி, அந்தத் தொகையை ஏழைகளுக்கோ பொதுக் காரியத்துக்கோ நன்மையை எதிர்பார்க்காமல் கொடுத்துவிடுங்கள். பரீட்சைக் கட்டணம், அபராதம் எதற்கும் அதை எடுக்காதீர்கள். வட்டி தராத நடப்புக் கணக்குக்கு மாறினால் ஆண்டுதோறும் இந்த வேலை இல்லை.

*

கேள்வி: வட்டிக் கடன் வாங்காமல் படிக்க வழியில்லை என்கிறார்கள் வீட்டில். நிர்ப்பந்தம் என்று எடுத்துக்கொள்ளலாமா?
- பல்கலைக்கழகத்தில் சேரவிருக்கும் மாணவி

பதில்: நிர்ப்பந்தம் என்ற சொல்லுக்கு ஃபிக்ஹில் எல்லை உண்டு. வேறு வழிகளைத் தட்டிப் பார்த்து மூடியிருப்பதைக் கண்டபின்தான் அந்தப் பேச்சு. அப்போதும் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உங்கள் நிலைமையை முழுக்கத் தெரிந்த ஆலிம் சொல்ல வேண்டிய பதில் இது. அதற்கு முன் தட்டிப் பார்க்க வேண்டிய கதவுகளைச் சொல்கிறோம்.

பல்கலைக்கழக நிதிப் பிரிவுக்கு, கட்டணத்தைப் பிரித்துக் கட்ட அனுமதி கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். வட்டி இல்லாமல் மூன்று, நான்கு பாகமாகக் கட்ட விடும் இடங்கள் உண்டு, கேட்காதவருக்குச் சொல்வதில்லை. உதவித்தொகைகளின் கடைசித் தேதிகளைச் சேர்க்கைக்கு முன்பே ஒரு தாளில் எழுதுங்கள். சேர்ந்தபின் தேடினால் பாதி முடிந்திருக்கும். சமூகத்தில் வட்டியில்லாக் கடன் தரும் நிதிகள், அதாவது கர்ளுல் ஹஸனா, இருக்கிறதா என்று கேளுங்கள். ஜகாத் வாங்குவதில் கூச்சம் வேண்டாம். தேவையுள்ள மாணவர் அதற்கு உரியவர்தான், எட்டு வகையினரில் (9:60) ஏழைகளும் கடன்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பெற்றோர் தங்கள் ஜகாத்தைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது, பராமரிப்பதே அவர்கள் கடமை. மாமா, சித்தப்பா, அண்ணன் கொடுக்கலாம்.

முடிவெடுக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டு வீட்டில் காட்டுங்கள். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 25,000 வீதம் நான்கு ஆண்டு, 10 சதவீதக் கூட்டுவட்டி. வாங்கியது 1,00,000. பட்டம் வாங்கும் நாளில் நிற்கும் கடன் ஏறத்தாழ 1,27,628. முதல் தவணை அதற்குப் பிறகுதான் தொடங்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், கெடுவுக்கு முன் அசலைக் கட்ட அனுமதி உண்டா, அதற்குத் தண்டம் உண்டா என்று வங்கியில் கேட்டு, கையில் கிடைக்கும் ஒவ்வொரு தொகையையும் அசலுக்கென்று எழுதிக் கொடுத்துக் கட்டுங்கள். அப்படிக் குறிப்பிடாவிட்டால் அடுத்த தவணையின் முன்பணமாக வரவு வைத்துவிடக்கூடும், வட்டி குறையாது.

*

கேள்வி: பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தைப் பங்குச் சந்தையில் போடலாமா? நண்பர்கள் ஐம்பது மடங்கு ‘லீவரேஜ்’ எடுத்து அந்நியச் செலாவணி வியாபாரம் செய்கிறார்கள்.
- வணிகவியல் மாணவர்

பதில்: இரண்டும் வெவ்வேறு விஷயம். ஒரு நிறுவனத்தின் பங்கை முழுப் பணம் கொடுத்து வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்வது, தொழில் ஹலாலாக இருந்தால், இக்கால அறிஞர் பெரும்பாலோரிடம் ஆகும். மது, சூதாட்டம், வட்டி வங்கி போன்றவை முதலிலேயே கழியும். அதன்பின் ஆயோஃபி அளவுகோலில், வட்டிக் கடன் சந்தை மதிப்பில் 30 சதவீதத்துக்குள், வட்டி வைப்புத்தொகை 30 சதவீதத்துக்குள், ஆகாத வருமானம் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆகாத பங்கு எவ்வளவோ அதை உங்கள் லாபத்திலிருந்து கணக்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

லீவரேஜ் என்பது தரகர் தரும் கடன். பல கணக்குகளில் இரவு தாண்டினால் அதற்கு வட்டி ஓடும். ‘இஸ்லாமியக் கணக்கு’ என்ற பெயரில் வட்டியை எடுத்துவிட்டு, நாள் கூடக் கூட ஏறும் ‘நிர்வாகக் கட்டணம்’ வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஐம்பது மடங்கில் விலை 2 சதவீதம் எதிராகப் போனாலே போட்ட பணம் முழுவதும் போய்விடும். அது ஒரே நாளில் நடக்கலாம். ஆப்ஷன் (பின்னொரு நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உள்ள உரிமையை விற்பது) வியாபாரத்தை ஃபிக்ஹ் அகாடமி 1992-இலேயே ஆகாதென்று சொல்லிவிட்டது. காசு கட்டி நுழைந்து, யாருக்கு விழும் என்று காத்திருக்கும் விளையாட்டு ஆப்களும் சூதுதான் (5:90), தொகை எவ்வளவு சிறிதானாலும். அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்கு வைத்த பணத்தை ஹலாலான பங்கிலும் போடாதீர்கள். கட்ட வேண்டிய வாரத்தில் விலை இறங்கியிருந்தால் நஷ்டத்தில் விற்க வேண்டிவரும்.

*

கேள்வி: அறைத்தோழனுக்குக் கடன் கொடுத்தேன். மூன்று மாதமாகத் தரவில்லை. எழுதி வாங்கியிருந்தால் நட்பு கெடுமே என்று விட்டுவிட்டேன். இப்போது அதை என் ஜகாத்தில் கழித்துவிடலாமா?
- கலைக்கல்லூரி மாணவர்

பதில்: குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதுதான். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது: வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்குகிறவர். மாணவர்களுக்கு இது எவ்வளவு வசதி பாருங்கள். நீங்கள் தாளை நீட்ட வேண்டியதில்லை. பணத்தைக் கொடுக்கும் முன், ‘தொகையும் தேதியும் போட்டு ஒரு மெசேஜ் அனுப்பு’ என்று சொன்னால் போதும். ‘இன்று இவ்வளவு கடன் வாங்கினேன், இன்ன தேதிக்குள் தருகிறேன்’ என்று அவரே அனுப்பிவிடுவார். கேட்கிறபோதும் அந்த மெசேஜையே மேலே எடுத்துக் காட்டலாம்.

இப்போதும் தாமதமில்லை. தனியாக இருக்கும்போது தொகையைச் சொல்லி, ஒரேயடியாக முடியாதென்றால் வாரத்துக்கு எவ்வளவு முடியும் என்று அவரிடமே கேட்டு, அதை அனுப்பச் சொல்லுங்கள். உண்மையிலேயே கஷ்டத்தில் இருந்தால் அவகாசம் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன் (2:280). ‘தாமதித்ததற்கு நீ எனக்கு விருந்து வைக்க வேண்டும்’ என்று விளையாட்டாகக்கூடக் கேட்க வேண்டாம். கடனுக்கு நிபந்தனையாக வாங்கும் எந்தப் பலனும் வட்டியில் போய்ச் சேரும்.

கடனைத் தள்ளுபடி செய்து அதை ஜகாத் என்று எண்ணிக்கொள்வது பெரும்பாலான அறிஞர்களிடம் செல்லாது. ஜகாத் என்றால் பணம் அவர் கைக்குப் போய் அவருக்குச் சொந்தமாக வேண்டும். அவர் தகுதியுள்ளவரானால், உங்கள் ஜகாத்தை அவர் கையில் கொடுங்கள், கடனைப் பற்றி நிபந்தனை எதுவும் போடாமல். கைக்கு வந்த பணத்தில் அவர் தாமாக உங்கள் கடனை அடைத்தால் அதை வாங்கிக்கொள்ளலாம்.